அரை டிக்கெட்

இருபத்தெட்டாம் தேதி, ஞாயிறு.
மளிகைக் கடை நோட்டில் எங்கள் பக்கம்
அடிவரை நிரம்பிவிட்டது.
மாலுக்குப் போகலாம் என்கிறாள் கனிஷ்கா,
'ஏசி சும்மாதானே அடிக்குது,
நாம ஒன்னும் வாங்க வேணாம்.'
போன தடவை ஒன்றும் வாங்காமல் திரும்பிய கதை
அவளுக்கு மறந்திருக்கிறது.
சோலை அங்கே தரையில் உருண்டது
எனக்கு மறக்கவில்லை.

கீழக்குயில்குடி போவோம் என்றேன்.
மலை இருக்கிறது, குளம் இருக்கிறது,
வாசலில் கவுண்டர் கிடையாது.

கணக்குப் போட்டோம்.
டவுன் பஸ்ஸில் எனக்குக் காசில்லை, மகளுக்கும் இல்லை.
சோலை சின்னவன், கேட்க மாட்டார்கள்.
மிச்சம் தவமணி ஒருவர்தான்
எங்கள் வீட்டில் விலையுள்ள ஆள்.
சிரித்துக்கொண்டே போய்
சைக்கிளுக்குக் காற்றடிக்க ஆரம்பித்தார்.

கண்டக்டர் குனிந்து கேட்டார்:
'தம்பிக்கு அஞ்சு முடிஞ்சிருச்சா?'
நான் வாயைத் திறப்பதற்குள்
நெஞ்சை நிமிர்த்திவிட்டான்:
'அஞ்சரை. ஆவணி வந்தா ஆறு!'
முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.
என் சீட்டில் பூஜ்யம், அக்கா சீட்டில் பூஜ்யம்,
அவன் சீட்டில் மட்டும் ஓர் எண்.
உண்மை பேசினால் மதுரையில்
அரை டிக்கெட் ஆகும்.

ஆலமரத்தடியில் எங்களுக்கு முன்பே தவமணி.
சட்டை முதுகோடு ஒட்டியிருக்க,
ஹேண்டில்பாரில் தூக்குவாளி ஒருபக்கம்,
தண்ணீர் பாட்டில்கள் மறுபக்கம்.
குளம் முழுக்கத் தாமரை.
இலைமேல் ஒரு பறவை
சொந்த வீட்டுத் தரைபோல நடந்து போனது.
அதன் பெயர் எங்கள் நால்வருக்கும் தெரியவில்லை.
'நடக்கும் கோழி' என்று கனிஷ்கா வைத்தாள்.

படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார்கள்.
அவளுக்கு ஒரு கணக்கு, அவனுக்கு ஒரு கணக்கு.
நாற்பத்தொன்பதுக்கு அப்புறம்
சோலைக்கு மறுபடியும் முப்பது வந்தது.
கைப்பிடிக் கம்பி சுட்டது.
என் செருப்பு ஒன்று வார் அறுந்து, கைக்கு வந்தது.

மேலே, பாறைமுகத்தில்,
கண்மூடி வரிசையாய் அவர்கள்.
'ஏம்மா இவங்க சட்டை போடலை?'
'எல்லாத்தையும் வேணாம்னு விட்டுட்டு வந்தவங்க.'
யோசித்தான்.
'டிபன் பாக்ஸையுமா?'
எனக்குப் பதில் தெரியவில்லை.
வாளியைத் திறந்தேன்.
புளிச்சோறு, சுட்ட அப்பளம்.
அப்பளத்தில் பாதியைக் காற்று கேட்டது, கொடுத்தோம்.

உச்சியிலிருந்து ஊர்.
கோபுரங்கள் நான்கும் கட்டைவிரல் நகத்துக்குள்.
'நம்ம வீடு எது?'
ஆயிரம் கறுப்புத் தண்ணீர்த்தொட்டிகளில்
ஒன்றைத் தவமணி சுட்டிக் காட்டினார்.
பொய்தான்.
இரண்டு பேரும் அதைப் பார்த்து
ரொம்ப நேரம் கையாட்டினார்கள்.
கொஞ்சம் கழித்து நானும்.

இறங்கியதும் சொன்னான்:
'நான் அப்பாகூட வர்றேன்.
எனக்கு மட்டும்தானே காசு கேக்குறாங்க.'
துண்டை நாலாய் மடித்து பார்மேல் போட்டு
அவனை ஏற்றிக்கொண்டு முன்னால் போனார்.
எங்கள் பஸ் வர முக்கால் மணி ஆனது.

காளவாசல் சிக்னல். சிவப்பு.
ஜன்னலுக்கு நேர்கீழே அந்த சைக்கிள்.
காலையில் வந்த அதே கண்டக்டர்
படியில் நின்று எட்டிப் பார்த்தார்.
சோலை சட்டைப்பையிலிருந்து
கசங்கிய காலைச் சீட்டை எடுத்து ஆட்டினான்.
'அண்ணே! இப்ப நான் சும்மா வர்றேன்!'

அவன் தலைக்கு மேலே
தவமணியின் திறந்த வாய்,
மூச்சு வாங்குகிறது.
கழுத்தில் வியர்வை,
வலது கால் ஏற்கெனவே பெடல்மேல்.
சும்மாவா என்று
யாரும் அவரைக் கேட்கவில்லை.

பச்சை விழுந்தது.